எதிரணி ஊரில் எட்டாம் மாதம்

ஜனவரி 9, வியாழன்

டாக்டர் படுக்கச் சொல்லிவிட்டார். நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். குழந்தை நன்றாக இருக்கிறது, நானும் நன்றாக இருக்கிறேன். ஆனால் நடமாடக் கூடாது, படி ஏறக் கூடாது, ரயில் கூடாது, கார் கூடாது. பிரசவம் ஆபரேஷன்தான், அதுவும் இங்கேதான். சென்னைக்குப் போகலாமா என்று பிரதாப் கேட்டதற்கு, நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

என் பிள்ளை பெங்களூரில் பிறக்கப்போகிறது. எழுதிப் பார்த்தால் பழகிவிடும் என்று எழுதிப் பார்த்தேன். பழகவில்லை.

இந்த டைரி பிரதாப் ஆபீஸில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. படுத்துக்கொண்டே சண்டை போட உனக்கு ஓர் இடம் வேண்டும் என்று சொல்லிக் கையில் திணித்தான். நல்ல புருஷன்தான். ஆனால் கிரிக்கெட் பார்க்கிறவன், இந்த வீட்டில் யாரும் அவனை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை.

ஜனவரி 10

வேலை இல்லை. விட்டத்தைப் பார்ப்பதற்குப் பதில் எழுதுகிறேன்.

நான் வியாசர்பாடிக்காரி. எங்கள் பக்கம் பிள்ளைகள் நடப்பதற்கு முன்பே பந்தை உதைக்கும். அப்பா தணிகாசலம் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார், மாலையில் லீக் ஆடினார், இடது பக்கத் தடுப்பாளர். நான் பிளஸ் டூ படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பாவும் நானும் சனி ஞாயிறு ஆனால் நேரு ஸ்டேடியத்துக்குப் போய்விடுவோம். வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்காருவதைவிட, அங்கே இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு உட்காருவது சுலபமாக இருந்தது.

கல்யாணமாகி வந்த இடம் அல்சூர். தமிழ்த் தெருதான், ஆனால் எல்லோரும் பெங்களூர் அணி. என் மாமனார் முனிரத்தினம் அந்த அணியின் ரசிகர் கூட்டத்தில் பெரிய டிரம் அடிக்கிறவர். டிவியில் காட்டுவார்கள். வயது அறுபத்திரண்டு. அந்த டிரம் வீட்டில் இருக்கும்போது ஃபிரிட்ஜ் மேல் இருக்கும், அத்தை அதற்கு உறை தைத்துப் போட்டிருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால் இரண்டு அணிக்கும் நீலம். நான் என் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சந்தோஷமாகக் கை காட்டுவார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லியே இரண்டு வருஷம் போய்விட்டது. இப்போது கீரை விற்கிற அம்மாவுக்குக்கூட விஷயம் தெரியும். சென்னை தோற்ற மறுநாள் ஒரு கட்டு கொத்தமல்லி கூடுதலாகப் போட்டு, மனசை விடாதே கண்ணு என்பார்.

நிச்சயதார்த்தத்தன்று மாமா எல்லார் முன்னாலும் கேட்டார், பேரப்பிள்ளை எந்த டீம் என்று. அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊர் டீம் என்றார். மாமா கையடித்து ஒப்புக்கொண்டார். தலைப்பிரசவம் பெண்ணின் தாய்வீட்டில்தான் என்பது, அன்றைக்கு வீட்டுக்கு வந்து அத்தை சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்ததாம். ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்.

இப்போது அவர் ஜெயித்துவிட்டார். ஆனால் இன்று அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இளநீர் வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 11

அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "நம்ம கோலிக்கு முட்டி வீங்கிக்கினு இருக்குதாம், தேனு" என்றார். கோல்கீப்பரின் அந்த முழங்காலைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். எந்தப் பக்கம் வீக்கம், யாரை மாற்றாக இறக்கலாம், அந்த மாற்றுப் பையனுக்கு உயரப் பந்து வராது.

நான் என்ன சொன்னேன், இவர் என்ன பேசுகிறார் என்று எரிச்சலாக வந்தது. ஃபோனை வைத்துவிட்டேன்.

ஜனவரி 13

மாமா பழைய நிலைக்குத் திரும்பிவிட்டார். என் அறைக்கு எதிர்ச்சுவரில் பெங்களூர் கொடியைக் கட்டியிருக்கிறார். எனக்காக இல்லையாம், உள்ளே இருக்கிறவருக்காகவாம். "லோக்கல் பிளேயர்மா, இப்பவே பழகிக்கட்டும்" என்றார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் திரும்பிப் படுக்கலாமென்றால் டாக்டர் இடது பக்கம்தான் படுக்கச் சொல்லியிருக்கிறார். கொடி இடது பக்கம். விசாரித்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறார்.

ஜனவரி 14

பொங்கல். அத்தை பொங்கலைப் படுக்கைக்கே கொண்டுவந்து ஊட்டினார்கள். முந்திரி அதிகம்.

ஜனவரி 16

அப்பா பேசிக்கொண்டிருக்கும்போது மாமா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன்.

"இன்னா சம்பந்தி, அடுத்த மாசம் எட்டாந்தேதி இங்க மேட்ச். வந்துடுங்க. ஒங்க டீம் தோக்கறத நேர்ல பாத்துட்டு, அப்டியே பேரப்புள்ளைய பெங்களூர் ஜெர்சில பாத்துட்டுப் போலாம். ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிரும்."

அப்பா, பார்க்கலாம் என்றார். வைத்துவிட்டார்.

மாமாவுக்கு ஒரே திருப்தி. சம்பந்தியைக் கூப்பிட்டாச்சு என்று அத்தையிடம் போய்ச் சொன்னார். அப்பா தங்குவதற்குக் கட்டில் போடுவது பற்றியெல்லாம் பேசினார். ஹாலில் போட்டால் அவருக்கு டிவி சத்தம் தொந்தரவாக இருக்குமோ, மாடி அறையில் வெயில் அடிக்குமோ என்று.

ஜனவரி 17

அப்பா வரவில்லையாம். வீட்டுக்குத் தண்ணீர் லாரி வருகிற நாள் தெரியவில்லை, வீட்டைப் பூட்டிவிட்டு வர முடியாது. இதைத்தான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. தோற்றுவிடுவோம் என்று பயந்து வரவில்லையா என்று கேட்டேன். "அப்டியே வச்சுக்கோ" என்றார்.

எனக்கென்ன. இங்கே எல்லோரும் இருக்கிறார்கள். அத்தை பெற்ற பெண்ணைப்போலப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆபரேஷன்தானே, மயக்க ஊசி போடுவார்கள், அரை மணி நேரம். இதற்கு யார் வந்து என்ன செய்யப்போகிறார்கள்.

ஜனவரி 19

வளைகாப்பு இன்றைக்குத்தான் நடப்பதாக இருந்தது. முடிந்ததும் அப்பா என்னை அழைத்துக்கொண்டு போவதாக. அழைத்துப்போவதே இல்லை என்ற பிறகு விழா எதற்கு என்று நான் வேண்டாமென்றுவிட்டேன். அத்தை கேட்கவில்லை. அல்சூர் மார்க்கெட்டில் கண்ணாடி வளையல் வாங்கி வந்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேரைக் கூப்பிட்டு, படுத்தபடியே போட்டுவிட்டார்கள். எலுமிச்சை சாதத்தில் புளிப்பு தூக்கல். தயிர் சாதம் நன்றாக இருந்தது. தேங்காய் சாதமும்.

வளையலைக் காட்டுவதற்கு அப்பாவுக்கு வீடியோ போட்டேன். அவருக்கு ஃபோனைப் பிடிக்கத் தெரியாது, நெற்றியும் சுவரும்தான் தெரிந்தது. சுவர் பச்சையாக இருந்தது. இளம்பச்சை, புது பெயின்ட். எங்கள் வீட்டில் எந்தச் சுவரும் பச்சை இல்லையே என்றேன். ஓதம் அடித்திருந்தது, சும்மா ஒரு கோட்டிங் என்றார். பின்னால் ஆணியில் பூண்டு கட்டுக் கட்டாகத் தொங்கியது. ஒண்டியாளுக்கு எதற்கு இவ்வளவு பூண்டு என்று கேட்டேன். மலிவாகக் கிடைத்ததாம்.

தனியாக இருந்தால் ஆண்பிள்ளைகள் இப்படித்தான் கண்டதையும் வாங்குவார்கள்.

ஜனவரி 24

சென்னை மேட்ச். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அப்பாவும் நானும் பார்த்தோம். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான். அவர் அங்கே, நான் இங்கே, நடுவில் மூச்சுச் சத்தம்.

இன்று அத்தையும் வந்து உட்கார்ந்தார்கள். கால்பந்துக்காரரோடு முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தியும் அவர்களுக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாது. நான் பருப்பு டப்பாவையும் உப்பு டப்பாவையும் வைத்து விளக்கினேன். கேட்டுவிட்டு, முன்னாடி போய் நின்றால் தப்பா, பாவம், ஆசையாகத்தானே போகிறான் என்றார்கள். அவர்கள் கவலையெல்லாம் கோல்கீப்பர்மேல்தான். எல்லாரும் கூட்டமாக ஓடுகிறார்கள், அந்தப் பையன் மட்டும் அங்கே தனியாக நிற்கிறானே, யாராவது பேச்சுத்துணைக்குப் போகக்கூடாதா என்று கேட்டார்கள். ஃபோனில் அப்பா சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தார்.

சமநிலை. உயரப் பந்தை அந்த மாற்றுப் பையன் ஒழுங்காகவே பிடித்தான்.

ஜனவரி 28

ஆஸ்பத்திரி.

ஜனவரி 30

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒன்றுமில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். செவ்வாய் மத்தியானம் ரத்தம் போயிற்று. பிரதாப் ஆபீஸில். அத்தை கத்தவும் மாமா வந்தார், என்னை அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கினார். அந்த வயதில் எப்படித் தூக்கினார் என்று தெரியவில்லை. ஆட்டோவில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார், மெதுவாகப் போனாலும் திட்டு, வேகமாகப் போனாலும் திட்டு. இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போங்கள் என்றால் சரி சரி என்பார், போகமாட்டார்.

இரண்டு நாளும் என்னை ஒரு தடவைகூடக் கிண்டல் செய்யவில்லை. ரத்தத்தைப் பார்த்ததைவிட எனக்கு அதுதான் பயமாக இருந்தது. நேற்று சாயங்காலம் டாக்டர் வந்து, இனிப் பயமில்லை, ஆனால் முழுமாதம் காத்திருக்க வேண்டாம், பத்தாம் தேதி எடுத்துவிடலாம் என்று சொன்ன பிறகு, மாமா உள்ளே எட்டிப் பார்த்து, "பத்துன்னா மேட்ச் முடிஞ்சுதான். புள்ளைக்கு நேரங்காலம் தெரிஞ்சிருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் அழுதேன்.

அப்பாவிடம் சொல்லாதே என்றிருந்தேன். பிரதாப் சொல்லிவிட்டான். அப்பா எனக்கு ஃபோன் செய்து, சாப்பிட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். அதற்குமேல் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, வைக்கவும் இல்லை.

அப்பா வந்தால் நன்றாக இருக்கும். இதை எழுதியதற்காக நான் தாழ்ந்து போய்விட மாட்டேன். அவர் இங்கே வந்து ஒன்றும் செய்யவேண்டாம். என் கால்மாட்டில் உட்கார்ந்து அந்த முழங்காலைப் பற்றியே பேசட்டும்.

பிப்ரவரி 2

வியாசர்பாடியிலிருந்து செல்வராணி அக்கா பேசினாள். எங்கள் எதிர் வீடு. நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கக் கூப்பிட்டவள், மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அப்பா நவம்பரிலேயே எனக்கென்று ஓர் அறைக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார். பிள்ளை பெற்றவள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டுமென்று பச்சை. கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார், நான் குனியக் கூடாதென்று. அக்காவிடம் வந்து உட்கார்ந்து பிள்ளை பெற்றவளுக்கு என்னென்ன கொடுக்க வேண்டும் என்று பாடம் கேட்டிருக்கிறார். பூண்டுக் குழம்பு, பத்திய ரசம், பால் ஊறுவதற்குச் சுறாப்புட்டு. "மூணு வாட்டி சுறாவை வேக வச்சுக் கெடுத்தாரு, நாலாவது வாட்டி நானே சாப்ட்டேன், நல்லா இருந்துச்சு" என்றாள். அம்மா இல்லாத வீட்டில் பிரசவம் பார்த்தார்கள் என்று ஒரு குறை வந்துவிடக் கூடாதாம்.

பிறகு ஏன் இங்கே வரமாட்டேன் என்கிறார் என்று கேட்டேன். அக்கா கொஞ்சம் தயங்கினாள். "யாரு கூப்ட்டாங்க, தேனு? பொண்ணக் குடுத்த வீட்ல போய் ஒரு மாசம் உக்காரணும்னா முறையா ஒரு வார்த்த வேணாமா? தோக்கறதப் பாக்க வாங்கன்னு சொன்னாங்களாம். கேலியா கூப்ட்டாங்க, நான் போய் நின்னா கேலியாத்தான் இருக்கும்னாரு" என்றாள்.

நான் அப்பாவைக் கோழை என்று நினைத்திருந்தேன். பூண்டைப் பார்த்தும் புரியவில்லை எனக்கு.

பிப்ரவரி 3

அத்தையிடம் சொன்னேன். சும்மா சொன்னேன், மனசு தாங்காமல். அத்தை நேராக ஹாலுக்குப் போனார்கள். மாமா டிரம்முக்குத் தோல் இறுக்கிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. அவர்தான் கூப்பிட்டாரே, ஃபோனில், வாய் நிறைய. மேட்ச்சுக்கு அவர் கூட்டத்தில் யாரையும் அப்படித்தானே கூப்பிடுவார், அவர்களும் திரும்ப நாலு போடுவார்களே. விளையாட்டுக்குச் சொன்னது என்றார், சம்பந்தியும் ஃபுட்பால்காரர்தானே என்றார்.

"அவரு ஃபுட்பால்காரருதான்" என்றார்கள் அத்தை. "ஆனா பொண்ணக் குடுத்தவரு. சம்சாரம் இல்லாதவரு. அவருகிட்ட நாம தாம்பூலத் தட்ட எடுத்துனு போய் நின்னிருக்கணும்."

மாமா தோலை இறுக்குகிற சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் மனசில் துளி கேலி கிடையாது, கட்டில் எங்கே போடலாம் என்று யோசித்த மனுஷர்.

அப்பாவிடம் நானே பேசுகிறேன் என்றேன். நீ பேசினால் அது நீ கூப்பிட்டதாகத்தான் ஆகும் என்று அத்தை சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரி 5

மாமா சரியாகப் பேசுவதில்லை. தெரு முழுக்கத் தோரணம். எட்டாம் தேதிக்கு ஊரே தயாராகிறது.

பிப்ரவரி 7, வெள்ளி

மாமா விடியற்காலையிலேயே கிளம்பிப் போய்விட்டார். ஓசூரில் யாரோ நண்பர் வீட்டுக் கல்யாணமாம், நாளைக்குத்தான் வருவாராம். மேட்ச்சுக்கு முதல் நாள், டிரம் அடிக்கிற ஆள், ஓசூரில் கல்யாணம். என் முகத்தில் விழிக்கக் கஷ்டப்படுகிறார் போலிருக்கிறது. மூன்று நாளில் ஆபரேஷன். இந்த நேரத்தில் எல்லா அப்பாக்களும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள்.

பயமாக இருக்கிறது. எனக்குத்தான். மயக்க ஊசி, அரை மணி நேரம் என்று எழுதியதெல்லாம் சும்மா.

பிப்ரவரி 8, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வாசலில் ஆட்டோ நின்றது. மாமா குரல், பிறகு எதையோ இறக்குகிற சத்தம், பிறகு, "பாத்து, பாத்து, ஐஸ் ஒழுவுது" என்று இன்னொரு குரல். அந்தக் குரலைக் கேட்டதும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அத்தை ஓடி வந்து அமுக்கிப் படுக்க வைத்தார்கள்.

அப்பா உள்ளே வந்தார். இளைத்திருக்கிறார். ஒரு கையில் பூண்டுக் கட்டு, இன்னொரு கையில் துணிப்பை. பின்னால் மாமா, பட்டுக்கரை வேட்டி சட்டையில், தெர்மாகோல் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. அவரை வேட்டியில் நான் கல்யாணத்தன்றுதான் பார்த்தது. பெட்டிக்குள் காசிமேட்டுச் சுறா. சென்னையிலிருந்து பெங்களூர் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ரயில் பெட்டி முழுக்க அவரைத் திட்டியிருக்கிறார்கள், சம்பந்தி வீட்டுச் சீர் சார் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

அப்பா என் கால்மாட்டில் உட்கார்ந்தார். என் பாதத்தைப் பிடித்துப் பார்த்து, வீங்கியிருக்கிறது என்றார்.  

நடந்ததைப் பிறகு செல்வராணி அக்கா ஃபோனில் சொன்னாள். நேற்று மத்தியானம் மாமா எங்கள் தெருவில் போய் இறங்கியிருக்கிறார். கையில் தாம்பூலத் தட்டு, பூ, பழம், தேங்காய் எல்லாம் வைத்து, மேலே மஞ்சள் துணி போட்டு. தெருமுனையில் பந்து விளையாடுகிற பையன்கள் டிவியில் பார்த்த முகம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பெங்களூர் டிரம்மு வந்துகீறாரு என்று கத்திக்கொண்டே பின்னால் வந்திருக்கிறார்கள். அவர் திரும்பி ஒரு வார்த்தை பேசவில்லையாம். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டை இரண்டு கையாலும் நீட்டி, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாராம்.

"சம்பந்தி, அன்னிக்குத் தப்பாக் கூப்ட்டுட்டேன். இப்ப முறையாக் கூப்புடறேன். ஒங்க பொண்ணு ஒங்களத் தேடுது. வரணும்."

அப்பா தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். ரொம்ப நேரம் வரவில்லையாம். வந்தபோது, சாப்பிட்டீங்களா சம்பந்தி என்று மட்டும் கேட்டாராம். ராத்திரி மாமா அந்தப் பச்சை அறையில், செங்கல் வைத்த கட்டிலில்தான் படுத்தார்.

இங்கே வந்ததும் மாமா செய்த முதல் வேலை, என் எதிர்ச்சுவரிலிருந்த கொடியை அவிழ்த்தது. அப்பா வேண்டாம் என்று தடுத்தார். "தலப்பிரசவம் தாய்வீட்டுலதான் சம்பந்தி. இந்த ரூமு, சமையல்கட்டு எல்லாம் இனிமே உங்க வீடு. நாங்க ஹால்ல இருந்துக்குறோம்" என்றார் மாமா. அத்தை ஏற்கெனவே அடுப்படியில் அப்பாவுக்கென்று ஓர் அலமாரித் தட்டை ஒழித்து வைத்திருந்தார்கள்.

நான்கு மணிக்கு ரசிகர் கூட்டத்துப் பையன்கள் மாமாவைக் கூட்டிப்போக வந்தார்கள். மாமா டிரம்மைத் தூக்கி அவர்களிடம் கொடுத்துவிட்டார். வரவில்லை என்றார். அவர்கள் நம்பாமல் நின்றார்கள். சம்பந்தி வந்திருக்கும்போது நான் அங்கே போய்த் தட்டிக்கொண்டு இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டார். அப்பா போங்கள் போங்கள் என்று எவ்வளவோ சொன்னார். போகவில்லை.

ஹால் டிவியை என் அறைக்கு நகர்த்தினார்கள். அப்பா கால்மாட்டில் நாற்காலியில், மாமா தரையில், அத்தை கட்டில் ஓரத்தில். பிரதாப் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான், மேட்ச்சை இல்லை.

முதல் பாதியில் சென்னை ஒரு கோல். நான் கத்தக் கூடாதென்று டாக்டர் உத்தரவு, போர்வையைக் கடித்துக்கொண்டேன். அப்பாவும் கத்தவில்லை, என் பாதத்தில் இரண்டு தட்டு தட்டினார். மாமா, நல்ல கோல் என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததை நான் எழுதி வைத்துக்கொள்கிறேன். இடைவேளைக்குப் பிறகு பெங்களூர் ஒன்று போட்டுச் சமன் செய்தது. மாமா மெதுவாகக் கையைத் தட்டினார், கச்சேரியில் தட்டுகிற மாதிரி. அப்பா தலையாட்டினார். அப்புறம் அப்பா நாற்காலியில் சாய்ந்தார், கண் மூடியது, கை மட்டும் என் பாதத்தின்மேல் அப்படியே இருந்தது.

கடைசி நிமிடத்தில் கார்னர். உயரப் பந்து. மாற்று கோலி கையை உயர்த்தினான், பந்து விரல் நுனிக்கு மேலே போயிற்று, அவர்கள் ஆள் தலையால் முட்டினான். பெங்களூர் இரண்டு.

மாமா எழுந்துவிட்டார். இரண்டு கையும் மேலே, வாய் திறந்துவிட்டது, கழுத்து நரம்பு புடைத்தது. அப்பாவைப் பார்த்தார். வாயை மூடினார். கையை இறக்கினார். ஒரு சத்தம் போடாமல் சமையலறைக்குப் போனார், குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அத்தை பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்து, முகம் கழுவுகிறார் என்று என் காதில் சொன்னார்கள்.

தெருவில் பட்டாசு வெடித்தது. அப்பா அசையவில்லை. ரயிலில் வந்த அலுப்பு.

பிப்ரவரி 9

நாளைக் காலை ஆபரேஷன்.

அப்பா காப்பி குடித்துக்கொண்டே மாமாவிடம் கேட்டார், நேற்று மேட்ச் என்ன ஆயிற்று என்று.

"தெரியல சம்பந்தி" என்றார் மாமா. "ஒண்ணு ஒண்ணு இருந்துச்சு. அப்பறம் நானும் தூங்கிட்டேன்."

நான் பேப்பர் கேட்டேன். விளையாட்டுப் பக்கம் மட்டும் இல்லை. காலையில் அதில்தான் மீன் ஆய்ந்தேன் என்று அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்கள். நான் வந்ததிலிருந்து இந்த வீட்டில் முதல் தடவையாக, சென்னையை ஜெயித்த மறுநாள் யாரும் அதைப்பற்றிப் பேசவில்லை.

தோற்றது வருத்தம்தான். வருத்தப்பட நேரம் கிடைக்கவில்லை. அப்பா சமையலறையில் அத்தையோடு பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார். அந்த மாற்று கோலியைப் பற்றி அத்தையிடம் பேசிக்கொண்டிருக்கிறார். பாவம், அவனைத் திட்டாதீங்க, தனியா நிக்கிறான் என்கிறார்கள் அத்தை. எனக்குக் கேட்டுக்கொண்டே தூக்கம் வருகிறது.

பிப்ரவரி 13

பெண். நன்றாக இருக்கிறாள். நானும். தையல் வலிக்கிறது, அதனால் சுருக்கமாக.

திங்கட்கிழமை காலை. நான் உள்ளே இருந்தபோது வெளியே நடந்ததைப் பிரதாப் சொன்னான். அப்பாவும் மாமாவும் ஒரே பெஞ்சில், ஒன்றும் பேசாமல், ஆபரேஷன் தியேட்டர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். நர்ஸ் துணியில் சுற்றி எடுத்து வந்து, பெண் குழந்தை, அம்மாவும் நல்லா இருக்காங்க என்றாளாம்.

அவ்வளவுதான். மாமா கத்திவிட்டார். எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, ஸ்டேடியத்தில் கத்துகிற மாதிரி, ஒரு மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி. எனக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது, உள்ளே எனக்கே கேட்டது. தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டர் யார் அது என்று தலையைத் தூக்கினார், என் மாமனார் என்று சொன்னேன். நாலு அறைக் கதவுகள் திறந்தனவாம். பெரிய நர்ஸ் ஓடி வந்து, இது ஆஸ்பத்திரியா மைதானமா என்று பிடித்துக்கொண்டாளாம். மாமா கையைக் கூப்பிக்கொண்டு நின்றாராம், ஆனால் வாய் நிற்கவில்லையாம்.

அப்பாதான் குறுக்கே போய் நின்றிருக்கிறார். குழந்தையைப் பார்த்துக்கொண்டே நர்ஸிடம் சொன்னாராம்.

"விடுங்க சிஸ்டர். ரெண்டு நாளா அடக்கி வச்சிருக்காரு."